நாய்க்கு விசில் பழக்குவது எப்படி? ரிட்ரீவர் பயிற்சியின் முதல் பாடங்கள்

ரிட்ரீவர் என்பது விழுந்ததைத் தேடி எடுத்துவரும் நாய். பிரிட்டனில் நடக்கும் ரிட்ரீவர் போட்டிகளில் நாய்க்கும் அதை நடத்துபவருக்கும் நடுவே நூறு மீட்டர் இடைவெளி சர்வசாதாரணம். இடையில் முழங்காலளவு புல் இருக்கும், ஓடை குறுக்கிடும், காற்று எதிரே அடிக்கும். அந்தத் தூரத்துக்குக் குரல் ஒழுங்காகப் போய்ச் சேராது. தொண்டை கிழியக் கத்தினாலும் நாயின் காதில் விழுவது வார்த்தையாக இருக்காது, வெறும் கூச்சலாக இருக்கும். அங்கே கைகொடுப்பது கழுத்தில் தொங்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் விசில்.

சுடப்பட்ட பறவையைத் தேடிப்பிடித்து, பல் படாமல் கவ்வி எடுத்துவரப் பழக்கப்பட்ட நாய்களைக் கன்டாக் என்பார்கள். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஸ்பேனியல் எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றுக்கு இரண்டு விதமான போட்டிகள் உண்டு. ஃபீல்ட் டிரையல் என்பது உண்மையான வேட்டைக் களத்தில் நடப்பது. வொர்க்கிங் டெஸ்டில் பறவை கிடையாது. கேன்வாஸ் துணியில் தைத்த, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள டம்மியை எறிந்தோ ஒளித்துவைத்தோ நாயை எடுத்துவரச் சொல்வார்கள். இந்தியாவில் வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இங்கே லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு டம்மிதான் வழி. விசில் பழக்கும் முறையில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

விசிலில் பெரிய விஷயம், அது என்றைக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதுதான். நம் குரலில் கோபம் ஏறும், பதற்றம் ஏறும், சளி பிடித்தால் கரகரக்கும். கெஞ்சலாகச் சொல்லும் ‘வா’வும் எரிச்சலாகச் சொல்லும் ‘வா’வும் நாய்க்கு வேறு வேறு ஒலிகள். வீட்டில் அப்பா ஒரு தொனியில் கூப்பிடுவார், பிள்ளைகள் இன்னொரு தொனியில். விசிலை யார் ஊதினாலும் சுருதி மாறாது. நமக்கு எரிச்சல் வந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியாது. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே மாதிரித் தன்மையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எந்த விசில்

கன்டாக் உலகில் அதிகம் புழங்குவது ஆக்மே. ஜோசப் ஹட்சன் 1870-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. விசிலின் மேலேயே எண் பொறித்திருக்கும். 210.5 என்றால் சற்று உயர்ந்த சுருதி. ஸ்பேனியல்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். 211.5 அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது. லாப்ரடார்காரர்கள் பெரும்பாலும் இதை வைத்திருப்பார்கள். இது வழக்கம் மட்டும்தான். லாப்ரடாருக்கு 210.5 ஊதினால் அது கேட்காமல் போய்விடாது. எண்ணினால் கிடைக்கும் பலன் வேறு: விசில் தொலைந்தால் அதே எண்ணை வாங்கிக்கொள்ளலாம், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. முதல் நாளே ஒரே எண்ணில் இரண்டு வாங்கி, ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். வீட்டில் இரண்டு நாய்களைத் தனித்தனியே போட்டிக்குத் தயார் செய்கிறீர்கள் என்றால் மட்டும் நாய்க்கொரு எண் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே குண்டு உருளும் விசில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எச்சில் பட்டால் குண்டு ஒட்டிக்கொள்ளும், ஒலி மாறிவிடும். அதைவிடக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, மனிதருக்குக் கேட்காது என்று விற்கப்படும் ‘சைலன்ட்’ விசில். கேட்கும் திறனின் மேல் எல்லையை அளக்க பிரான்சிஸ் கால்ட்டன் 1876-இல் அறிமுகப்படுத்திய கருவியின் வழியில் வந்தது அது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை. இதைக் கேட்டதும் உயர்ந்த சுருதிதான் நாய்க்கு நல்லது என்று தோன்றும். ஆனால் சுருதி உயர உயர ஒலி காற்றிலும் புல்லிலும் சீக்கிரம் கரைந்துபோகிறது. நாயின் காது மிகக் கூர்மையாக இருப்பதும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில்தான்; சாதாரணக் கன்டாக் விசிலின் சுருதி அங்கேதான் இருக்கிறது. தவிர, நீங்கள் ஊதியது உங்களுக்கே கேட்காவிட்டால், சரியாக ஊதினீர்களா என்று எப்படித் தெரியும்?

என்னென்ன கட்டளைகள்

குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணி அடுப்பை அணைப்பது போல, இங்கேயும் எண்ணிக்கையிலும் நீளத்திலும்தான் செய்தி இருக்கிறது.

ஒரே ஒரு நீள ஊதல், ஏறக்குறைய ஒரு நொடி: ‘நில்’, அதாவது ‘அங்கேயே உட்கார், என்னைப் பார்’. வேகமான குட்டி ஊதல்கள், பிப்-பிப்-பிப்-பிப் என்று நான்கைந்து: ‘என்னிடம் வா’. ரிட்ரீவருக்கு ஆரம்பத்தில் இந்த இரண்டும் போதும். முன்னால் இடமும் வலமுமாக வளைந்து மோப்பம் பிடித்தபடி போகும் ஸ்பேனியலுக்கு, ‘திரும்பு’ என்பதற்கு பிப்-பிப் என்று இரண்டு ஊதல்கள் உண்டு. டம்மி கிடக்கும் இடத்தை நாய் நெருங்கியதும் ‘அந்த இடத்திலேயே தேடு’ என்று மெல்லிய தொடர் ஊதல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘வா’ என்பதன் முதல் இரண்டு பிப்பும் ‘திரும்பு’ என்பதும் ஒன்றுபோலவே கேட்கும். அரைகுறையாகப் பழகிய நாய் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்.

இங்கே ‘நில்’ என்பதன் பயன் நாயை நிறுத்துவதோடு முடிவதில்லை. டம்மி எங்கே விழுந்தது என்று நாய் பார்க்காதபோது, நடத்துபவர்தான் கையால் வழிகாட்டுகிறார். வலப்பக்கம் கை நீட்டினால் அந்தப் பக்கம் போக வேண்டும், இடம் என்றால் இடம், கையை உயர்த்தினால் இன்னும் பின்னால் போக வேண்டும். இதையெல்லாம் நாய் பார்க்க வேண்டுமானால் முதலில் நின்று திரும்ப வேண்டும். நீள ஊதலுக்கு ஒழுங்காக நிற்காத நாய்க்குக் கைச்சைகை சொல்லிக்கொடுத்துப் பயனில்லை.

முதலில் நீங்கள் பழகுங்கள்

நாயை வீட்டில் விட்டுவிட்டு மொட்டைமாடிக்கோ திடலுக்கோ போங்கள். விசிலை முன்பற்களுக்கு நடுவே லேசாகக் கடித்து, உதடுகளால் மூடிக்கொள்ளுங்கள். நாக்கின் நுனியை ஊதும் துளையில் வைத்து அடைத்தபடி காற்றைத் தேக்குங்கள். ‘து’ என்று சொல்வது போல நாக்கை விலக்கினால் ஒலி வெட்டினாற்போலத் தொடங்கும். முடிக்கும்போது நாக்கை மறுபடி துளையில் வைத்தால் வெட்டினாற்போல நிற்கும். குட்டி ஊதல்களும் இதே மாதிரிதான்: து-து-து-து. பலர் நாக்கைப் பயன்படுத்தாமல் மூச்சை மட்டும் தள்ளுகிறார்கள். அப்போது ஒலி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, குழைந்துபோகும். பக்கத்தில் இருக்கும்போது நாய் அதைச் சமாளித்துவிடும். எண்பது மீட்டரில் அந்தக் குழைவின் தொடக்கமும் முடிவும் காற்றில் போய், நீள ஊதலா குட்டி ஊதலா என்றே தெரியாமல் ஆகிவிடும்.

செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். பத்து முறை ஊதினால் பத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதுவரை நாயின் முன்னால் ஊதாதீர்கள். மூடிய அறைக்குள் பலமாக ஊதவும் கூடாது. உங்கள் காதுக்கும் கேடு, நாயின் காதுக்கும் கேடு.

‘வா’

இதைத் தொடங்க எட்டு வாரக் குட்டியே போதும். சாப்பாட்டு வேளை சரியான நேரம். தட்டு உங்கள் கையில், ஆனால் குட்டியின் கண்ணில் படாமல் இருக்கட்டும். மெல்ல பிப்-பிப்-பிப்-பிப். ஒரு நொடி கழித்துத் தட்டைக் கீழே வையுங்கள். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு என்றால் மூன்று பாடம்.

இதில் வரிசை மாறக் கூடாது. தட்டைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருக்கும் குட்டியிடம் விசில் ஊதினால், அந்த ஒலி அதற்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. சாப்பாடு வருவது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. விசில் முந்தி, சாப்பாடு பிந்தி என்று வந்தால்தான் விசிலுக்குப் பொருள் ஏறும். ஒரு வாரம் ஆனபின் குட்டி அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு முறை ஊதிப் பாருங்கள். நகம் தரையில் சறுக்க ஓடிவந்தால் பாடம் ஏறிவிட்டது.

அடுத்து வெளியே. பத்து மீட்டர் நீளக் கயிற்றை மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். ஓடிய நாய் கயிறு தீர்ந்து வெட்டென்று நின்றால் கழுத்தில் அடிபடும். கயிற்றின் மறுமுனையில் முடிச்சோ வளையமோ இருந்தால் புதரில் மாட்டிக்கொள்ளும், அதை வெட்டிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து மீட்டரில் ஒன்றும் நடக்காத இடம், பிறகு பத்து மீட்டர், பிறகு சற்றுத் தள்ளி ஆட்கள் நடமாடும் இடம், பிறகு வேறு நாய் தெரியும் இடம். தூரமும் கவனச்சிதறலும் ஒரே நாளில் கூடக் கூடாது. ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள்.

வந்த நாய்க்குக் காய்ந்த பிஸ்கட் போதாது. வேகவைத்த கோழித்துண்டு, ஈரல், அல்லது அதற்குப் பிடித்த பந்து என்று நல்லதாகக் கொடுங்கள். கொடுத்த கையோடு மறுபடி விளையாட விடுங்கள். பத்து முறை கூப்பிட்டால் எட்டு முறையாவது திரும்ப விடுதலை கிடைக்க வேண்டும். கூப்பிட்டதும் கயிற்றை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கமானால், விசில் என்றாலே ஆட்டம் முடிந்தது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். குளிப்பாட்ட, ஊசி போட, நகம் வெட்ட எதற்கும் விசில் ஊதாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

வரும் என்ற நம்பிக்கை இல்லாத நேரத்தில் ஊதவே ஊதாதீர்கள். நாய் பூனையைத் துரத்திக்கொண்டு போகிறது, பழக்கம் இன்னும் கெட்டிப்படவில்லை. அப்போது ஐந்து முறை ஊதினால், விசிலைக் கேட்டும் ஓடலாம் என்பதை ஐந்து முறை கற்றுக்கொடுத்ததாக ஆகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்களை வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள் அவை. சாப்பாட்டு விசிலை லாப்ரடார் போலவே கற்றுக்கொள்ளும், ஆனால் முயலைப் பார்த்துவிட்டால் காது வேலை செய்யாது. வேலி போட்ட இடம் கட்டாயம்.

‘நில்’

இதற்கு நாய் வாய்ச்சொல்லுக்கே ‘உட்கார்’வதில் உறுதியாக இருக்க வேண்டும். தெரிந்த கட்டளையின் பொருளைப் புதிய ஒலிக்கு மாற்றுகிறோம். இங்கேயும் புதியது முந்த வேண்டும், பழையது பிந்த வேண்டும். நாயை இடப்பக்கம் வைத்து நடங்கள். நின்று, ஒரு நீள ஊதல். ஊதல் முடிந்து அரை நொடியில் ‘உட்கார்’, கூடவே உள்ளங்கை தெரியக் கையைத் தூக்குங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நாய் தெரிந்த சொல்லை மட்டும் கேட்கும், விசில் பின்னணிச் சத்தமாகப் போய்விடும். சில நாளில், நீங்கள் ‘உட்கார்’ என்று வாயெடுக்கும் முன்பே பின்பாகம் தரையைத் தொடும். அன்றோடு சொல்லை நிறுத்திவிடுங்கள்.

அதன்பின் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, நாய் எதிரே நிற்கும்போது. பிறகு அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போது. பிறகு உங்களுக்கு முதுகு காட்டியிருக்கும்போது. பல நாய்களுக்கு உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அதுவரை உங்கள் கையையும் உடம்பையும் பார்த்தே உட்கார்ந்துகொண்டிருந்திருக்கும்.

எங்கே பரிசு கிடைக்கிறதோ அந்தப் பக்கம் நாய் நகரும். உட்கார்ந்ததும் கூப்பிட்டுத் தீனி கொடுத்தால், சில வாரத்தில் விசில் கேட்டதும் நிற்காமல் ஐந்தாறு மீட்டர் உங்களை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்துதான் உட்காரும். போட்டியில் அந்த ஐந்தாறு மீட்டர், டம்மியின் வாசம் வீசும் இடத்திலிருந்து நாயை வெளியே கொண்டுவந்துவிடும். ஆகவே நாய் உட்கார்ந்ததும் டென்னிஸ் பந்தை அதன் தலைக்கு மேலாக, பின்பக்கம் விழும்படி எறியுங்கள். அல்லது நீங்கள் அதனிடம் நடந்துபோய் அங்கேயே கொடுங்கள்.

கடைசிப் படி, வெளியே ஓடும் நாயை நிறுத்துவது. நாய் பார்க்க நாற்பது மீட்டரில் ஒரு டம்மியை வைத்துவிட்டு வந்து, அனுப்புங்கள். முதல் மூன்று நான்கு முறை குறுக்கிடாமல் எடுத்துவர விடுங்கள். அடுத்த முறை பத்துப் பதினைந்து மீட்டர் போனதும் நீள ஊதல். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் இரண்டு நொடி வைத்திருந்து, கையை உயர்த்தி ‘போ’ என்று அனுப்புங்கள். டம்மிதான் அதற்குப் பரிசு, தீனி வேண்டாம். முப்பதாவது மீட்டரில் நிறுத்தப் பார்த்தால் தோற்பீர்கள். டம்மியை நெருங்க நெருங்க அதன் இழுப்பு கூடும். விசிலை மீறி ஓடிப்போய் நாய் டம்மியைக் கவ்விவிட்டால், மீறியதற்கு அங்கேயே கூலி கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் டம்மிக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவரை நிறுத்த வேண்டும். நாய் நிற்காவிட்டால் அவர் பேசாமல் டம்மியை எடுத்துக்கொள்வார். நீங்கள் கத்தாமல், ஊதாமல், நடந்துபோய் நாயை விசில் ஊதிய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவையுங்கள். அடுத்த முறை இன்னும் கிட்டத்தில் நிறுத்துங்கள்.

இந்தப் பயிற்சி சுவாரசியமாக இருப்பதாலேயே பலர் அளவு மீறுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் நிறுத்தினால், விசிலே இல்லாமல் நாய் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கத் தொடங்கும். ஓட்டத்தில் வேகமும் போய்விடும். அப்படி ஆனால் இரண்டு வாரத்துக்கு நீள ஊதலையே விட்டுவிட்டு, நேராக அனுப்பி நேராக எடுத்துவர மட்டும் செய்யுங்கள். ‘வா’ விசிலில் வந்துகொண்டிருக்கும் நாயை நடுவழியில் நிறுத்துவதும் அப்படித்தான். அடிக்கடி செய்தால் வருவதே தயக்கமாகிவிடும்.

காற்றும் தூரமும்

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நூறு மீட்டரில் இருக்கும் நாய்க்கு உங்கள் ஊதல் 0.3 நொடி தாமதமாகத்தான் கேட்கும். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓடும் நாய் அதற்குள் மூன்று மீட்டர் தாண்டியிருக்கும். பிறகு அது கேட்டு, உணர்ந்து, கால்களை ஊன்றி நிற்க இன்னும் சில மீட்டர். ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஊத வேண்டும். நின்ற இடம் தள்ளிப்போனால் முதலில் உங்கள் நேரத்தைச் சரிபாருங்கள். நாய் உடனே கீழ்ப்படிந்திருக்கலாம்.

எதிர்க்காற்றில் விசில் எடுபடாது. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிப்பதால், காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து நாயின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. ரிட்ரீவர் பயிற்சியில் நாயைப் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் அனுப்புவோம், வாசம் மூக்குக்கு வர வேண்டுமே. அதாவது விசிலுக்கு மிகக் கெட்ட திசையில்தான் நாய் இருக்கும். ஓடும் நாய்க்குத் தன் மூச்சிரைப்பும் புல்லின் உரசலும் வேறு கேட்டுக்கொண்டிருக்கும். இதனால்தான் கிட்டத்தில் மெல்ல ஊதிப் பழக்குகிறோம். இருபது மீட்டரிலேயே முழு மூச்சையும் செலவழித்தால் நூறு மீட்டருக்குக் கூட்ட ஒன்றும் மிஞ்சாது. வொர்க்கிங் டெஸ்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் வழக்கமாக 20 மதிப்பெண். ஓயாமல் ஊதிக்கொண்டும் கத்திக்கொண்டும் நாயை நடத்தினால் நடுவர் குறைப்பார்.

எல்லா நாய் விளையாட்டுக்கும் இதே முறை பொருந்தாது. வேல்ஸின் பாலாவில் 1873-இல் தொடங்கிய, நாய் ஆட்டுமந்தையை ஓட்டிக் காட்டும் ஆட்டுநாய்ப் போட்டிகளில், உதட்டுக்குள் வைக்கும் மடித்த தகட்டு விசிலால் ஏற்ற இறக்கத்தோடு ஊதி, ‘இடஞ்சுழியாகச் சுற்று’, ‘வலஞ்சுழியாகச் சுற்று’, ‘மெல்ல முன்னேறு’ என்று தனித்தனி மெட்டே வைத்திருப்பார்கள். தடை தாண்டும் அஜிலிட்டியில் நாய் கிட்டத்திலேயே இருப்பதால் குரலும் உடலசைவுமே போதும்.

ஏழெட்டு மாதம் முதல் ஒன்றேகால் வயது வரை, நன்றாக வந்துகொண்டிருந்த நாய் திடீரென்று விசிலே கேட்காதது போல் திரியும். வளரும் பருவத்தில் பெரும்பாலான நாய்களிடம் இது உண்டு. உரக்க ஊதியோ அடித்தோ இதைத் தீர்க்க முடியாது. நீளக் கயிற்றை மறுபடி மாட்டுங்கள், தூரத்தைப் பத்து மீட்டருக்குக் குறையுங்கள், வேறு நாய்கள் இல்லாத இடமாகப் பாருங்கள், தட்டு வைக்கும்போது பிப்-பிப்-பிப்-பிப் என்று குட்டிக்காலப் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஒரு விசில்கூட வீணாகாமல் போனால், கயிற்றைக் கையில் பிடிக்காமல் தரையில் இழுபட விட்டுப் பாருங்கள்; அதற்கும் ஒரு வாரம் ஒழுங்காக வந்தால் கழற்றிவிடலாம்.